வீட்டில போட்டோ பிறின்ற் எடுக்கேக்க கலர் பிழைச்சால் எங்கை பாக்கிறது

மாமி வீட்டுச் சாமத்தியவீட்டுப் படங்களை நான்தான் என்ர பிறின்ரரில அடிச்சுக் குடுத்தனான். லப்டொப்பில பாக்கேக்க பிள்ளை நல்ல வடிவா இருந்தவள், பேப்பரில வந்தது முகம் முழுக்கச் சிவப்பு. மாமி படத்தை வாங்கி ஜன்னலடிக்குக் கொண்டுபோய் ரெண்டு பக்கமும் திருப்பிப் பாத்திட்டு "என்ன தம்பி, பிள்ளைக்குச் சின்னமுத்து போட்ட மாதிரிக் கிடக்கு" எண்டா. அண்டைக்கு 18 தாள் குப்பைக்குள்ள போச்சுது.

அதுக்குப் பிறகு சொந்தக்காரர், கூட்டாளிமார், பக்கத்து ஒழுங்கை ஆக்கள் எண்டு ஆற்ற பிறின்ரர் கலர் பிழைச்சாலும் எனக்குத்தான் கோல் வரும், போய்ப் பாத்தால் திருப்பித் திருப்பி அதே ஏழெட்டுக் காரணந்தான். அதாலை இங்கை வருத்தத்தை வச்சுப் பிரிச்சு எழுதிறன். உங்கட வருத்தம் எதுவோ நேரா அந்தத் தலைப்புக்குப் போங்கோ. ஆனால் முதல் தலைப்பை மட்டும் எல்லாரும் பாத்திட்டுப் போங்கோ, பிறகு எனக்குக் கோல் எடுத்து "நொசில் செக் செய்யேல்லை அண்ணை" எண்டு சொல்லாதேங்கோ.

எந்த வருத்தமெண்டாலும் முதல் செய்யிறது

நொசில் செக் ஒண்டு அடியுங்கோ, இங்க் விடுற சின்ன ஓட்டையள் எல்லாம் வேலை செய்யுதோ எண்டு கோடு போட்டுக் காட்டுற தாள் அது, சாதா ஏ4 காணும். ஒரு கலர் கோடு விட்டு விட்டு வந்தால் புறொபைலை (எந்தக் கலர் எப்பிடி வர வேணும் எண்டு சொல்லுற சின்னக் கலர் ஃபைல்) மாத்தி ஒரு பிரியோசனமும் இல்லை. மஞ்சள் வராட்டில் படம் நீலமா ஊதாவா போகும், மஜெந்தா (ரோஸ் சிவப்பு) வராட்டில் பச்சை அடிக்கும், சயன் (வெளிர் நீலம்) வராட்டில் சிவப்பும் மஞ்சளுமா வரும். இதைப் பாத்திட்டுச் சனம் புறொபைல் பிழையெண்டு நினைச்சு ட்றைவரில (பிறின்ரரை ஓட்டுற சொவ்ற்வெயார்) இருக்கிற கலர் சிலைடரை எல்லாம் இழுத்து வச்சிருக்கும், பேந்து ஹெட் (இங்க்கை விடுற பாகம்) சரியா வந்தாப்பிறகு அந்தச் சிலைடராலை படம் மற்றப் பக்கமாப் பிழைக்கும்.

ரெண்டாவது, ஒரு ரெஸ்ற் படம் செய்து வையுங்கோ. என்ர ரெஸ்ற் படத்தில ஒரு முகம், ஒரு கூறைச்சேலை, பருத்தித்துறைக் கடல் ஒரு துண்டு, நல்லூர்க் கோயிலின்ர சிவப்பு வெள்ளை மதில், கீழ கறுப்பில இருந்து வெள்ளைக்குப் போற சாம்பல் பட்டி ஒண்டு. எல்லாம் ஒரு 4×6 தாளுக்குள்ள. எதை மாத்தினாலும் இதைத்தான் அடிச்சுப் பாக்கிறது, அதுவும் ஒரு நேரத்தில ஒரு செற்றிங்தான் மாத்திறது. ரெண்டை ஒண்டா மாத்திப்போட்டு எது வேலை செய்தது எண்டு தெரியாமல் இருக்கிற ஆக்களில நானும் ஒராளா இருந்திருக்கிறன்.

முகமெல்லாம் சிவந்து, மஜெந்தா அடிச்சு வருது

நொசில் செக் சரியெண்டால் பெரும்பாலும் இது ரெண்டு பேர் உப்புப் போட்ட கறி. போட்டோஷொப்பும் கலரைத் திருத்துது, பிறின்ரர் ட்றைவரும் தன்ர பாட்டுக்குத் திருத்துது. என்ர மாமி வீட்டுக் கேஸ் இதுதான்.

போட்டோஷொப் பிறின்ற் பெட்டியில கலர் ஹான்ட்லிங் எண்டு ஒரு இடம் இருக்கு, அதில என்ன கிடக்குது எண்டு பாருங்கோ.

*"போட்டோஷொப் மனேஜஸ் கலர்ஸ்" எண்டு கிடந்தால்:* ட்றைவரின்ர கலர் வேலையை நிப்பாட்ட வேணும். எப்சன் எண்டால் மோர் ஒப்ஷன்ஸ் பக்கத்தில கலர் கரெக்‌ஷனைக் கஸ்ரம் ஆக்கி, அட்வான்ஸ்டுக்குள்ள போய் "நோ கலர் அட்ஜஸ்ட்மென்ற்". கனன் எண்டால் மெயின் பக்கத்தில கலர் இன்ரென்சிற்றியை மனுவல் ஆக்கி, செற் அமத்தி, மச்சிங் பக்கத்தில "நன்". எச்பியில சில மொடலுக்கு "அப்ளிகேஷன் மனேஜ்ட் கலர்ஸ்" எண்டு வரும். ட்றைவர் பழசு புதுசைப் பொறுத்து இடம் கொஞ்சம் மாறிக் கிடக்கும், தேடுங்கோ. மக்கில எண்டால் போட்டோஷொப் கலரை எடுத்தவுடன ட்றைவரில கலர் மச்சிங் தானாவே மங்கிப்போய் அமத்த ஏலாமல் இருக்கும், அங்கை இந்தக் கரைச்சல் குறைவு.

*"பிறின்ரர் மனேஜஸ் கலர்ஸ்" எண்டு கிடந்தால்:* மற்ற வளம். ட்றைவரில கலரை நிப்பாட்டாமல் வழமையான செற்றிங்கில விடுங்கோ. இங்கையும் நோ கலர் அட்ஜஸ்ட்மென்ற் போட்டால் ஒருத்தரும் உப்புப் போடாத கறியா வரும்.

*உங்கட பிறின்ரரில நிப்பாட்டுற ஒப்ஷனே இல்லையெண்டால்:* விலை குறைஞ்ச சிலதில இல்லை, இல்லாட்டில் ஒளிச்சு வச்சிருப்பினம். அப்ப அந்தரப்படாமல் எல்லாத்தையும் பிறின்ரரின்ர தலையில விடுங்கோ. வீட்டு அல்பத்துக்கு அது காணும். போனில இருந்து ஆப்பால அடிக்கிறவைக்கும் இதுதான் வழி, அங்கை பெரும்பாலும் புறொபைல் தெரிவு செய்யிற இடமே கிடையாது.

லைற்றூமில அடிக்கிறவை பிறின்ற் பக்கத்தில வலது பக்கம் கீழ கலர் மனேஜ்மென்ற் எண்டு பாருங்கோ. "மனேஜ்ட் பை பிறின்ரர்" எண்டு இருந்தால் ட்றைவரின்ர கலர் வேலை ஒன், ஒரு புறொபைல் பேர் இருந்தால் ட்றைவரின்ர கலர் வேலை ஓஃப்.

ஸ்கிறீனில நல்ல வெளிச்சம், பேப்பரில இருட்டு

எனக்கு வாற கோலில பாதி இதுதான், அதுக்குப் புறொபைலும் காரணமில்லை பிறின்ரரும் காரணமில்லை, உங்கட ஸ்கிறீன் அளவுக்கு மிஞ்சி வெளிச்சமாக் கிடக்குது. வெளிச்சமான ஸ்கிறீனில படத்தைத் திருத்தினால் நீங்கள் உங்களை அறியாமல் படத்தை இருட்டாக்கிப் போடுவியள்.

காசில்லாத செக்: வேர்டில வெறும் வெள்ளைப் பக்கம் ஒண்டைத் திறந்து ஸ்கிறீன் முழுக்க வையுங்கோ. பிறின்ற் பாக்கிற அதே வெளிச்சத்தில ஒரு ஏ4 வெள்ளைத் தாளை ஸ்கிறீனுக்குப் பக்கத்தில பிடியுங்கோ. ஸ்கிறீன் ரியூப் லைற் மாதிரியும் தாள் சாம்பல் மாதிரியும் தெரிஞ்சால், ரெண்டும் கிட்டத்தட்ட ஒரே வெள்ளையா வரும் வரைக்கும் பிறைற்னஸைக் குறையுங்கோ. என்ர மொனிற்றர் 100 இல இருந்து 35க்கு வந்தது. முதல் ரெண்டு நாள் கண் இருட்டின மாதிரி இருக்கும், மூண்டாம் நாள் பழகிப்போகும். அளக்கிற கருவி வச்சிருக்கிறவை சதுர மீற்றருக்கு 80 இல இருந்து 120 கண்டெலா எண்ட இடத்தில நிப்பாட்டுவினம்.

அதோட இதையும் பாருங்கோ: விண்டோஸில நைற் லைற், ஐபோன் மக்கில நைற் ஷிஃப்ற், ட்றூ ரோன், எல்லாத்தையும் நிப்பாட்டிப்போட்டுத்தான் படம் திருத்திறது. பின்னேரம் ஆறு மணிக்குப் பிறகு தானா மஞ்சளாகிற ஸ்கிறீனில இருந்துகொண்டு ஒரு பெடியன் கலியாண அல்பம் முழுக்க நீலமாத் திருத்தி வச்சிருந்தவன்.

லப்டொப் ஸ்கிறீனைச் சரிச்சுச் சரிச்சுப் பாருங்கோ, சரிக்கேக்க படம் இருண்டு வெளிச்சு மாறினால் அந்த ஸ்கிறீனை நம்பி இருட்டுப் பக்கத்தைத் திருத்த வேண்டாம். ரிவியில எச்டிஎம்ஐ குத்திப் பாக்கிற ஆக்களுக்கு நான் ஒண்டும் சொல்லேல்லை.

வெள்ளைப் பின்னணியே சில ஆப்பில மட்டும் மஞ்சளாத் தெரிஞ்சால் அது வேறை. விண்டோஸ் கலர் மனேஜ்மென்றுக்குள்ள போய் உங்கட மொனிற்றரில என்ன புறொபைல் பூட்டிக்கிடக்கு எண்டு பாருங்கோ. மொனிற்றர் கொம்பனி ட்றைவரோட வந்த பிழையான புறொபைல் ஒண்டு கிடக்கும், அதைக் கழட்டிப்போட்டு எஸ்ஆர்ஜிபியை, அதாவது எல்லா இடத்திலயும் பொதுவாப் பாவிக்கிற கலர் புறொபைலை, டிஃபோல்ட் ஆக்குங்கோ.

கலர் செத்து, வெளிறி வருது

முதல் பேப்பரைப் பாருங்கோ. பளபளப்புப் பேப்பரைத் திருப்பி வச்சு பின்பக்கத்தில அடிக்கிறது உங்களுக்கு நடக்காது எண்டு நினைக்கிறியள், எனக்கு நடந்தது. எந்தப் பக்கம் எண்டு தெரியாட்டில் விரலைக் கொஞ்சம் ஈரமாக்கி மூலையில தொடுங்கோ, ஒட்டுற பக்கந்தான் அடிக்கிற பக்கம். அடுத்தது ட்றைவரில மீடியா ரைப். உள்ள போட்டோப் பேப்பரை வச்சிட்டு பிளெயின் பேப்பர் எண்டு விட்டால் இங்க்கைக் கஞ்சத்தனமா விடும். சில பிறின்ரரில கறுப்பு மட்டும் பிக்மென்ற் இங்க் (தூள் கலந்தது), மற்றது டை (கரைஞ்ச சாயம்), அதுகளில பிளெயின் எண்டு போட்டால் அந்தக் கறுப்பு பளபளப்புப் பேப்பரில பிடிக்காமல் கையில பிரளும்.

அது ரெண்டும் சரியெண்டால் ஃபைலுக்கு வாங்கோ.

*ஸ்கிறீனிலயே வெளிறித் தெரியுது:* கமராவில அடோபி ஆர்ஜிபி (எஸ்ஆர்ஜிபியை விடக் கூடக் கலர் அடங்கிற புறொபைல்) போட்டு எடுத்த படத்தை, புறொபைல் விளங்காத ஆப்பில திறந்திருப்பியள். ஃபைல் பேரைப் பாருங்கோ, நிக்கோன், கனன், சோனி கமராக்களில அடோபி ஆர்ஜிபி படத்தின்ர பேர் அண்டர்ஸ்கோரோட தொடங்கும். விண்டோஸில ஃபைலை றைற் கிளிக் செய்து புறொப்பற்றீஸில டீற்றெயில்ஸ் பாத்தால் கலர் றெப்றெசென்ரேஷன் எண்ட இடத்தில எஸ்ஆர்ஜிபி எண்டோ அன்கலிபிறேற்றட் எண்டோ நிக்கும். அன்கலிபிறேற்றட் எண்டால் பெரும்பாலும் அடோபி ஆர்ஜிபிதான். லைற்றூமில இருந்து புறோபோட்டோவில (அடோபி ஆர்ஜிபியை விடவும் பெரிசு) எடுத்த ஃபைல் எண்டால் இன்னும் மோசமா வெளிறும்.

மருந்து: போட்டோஷொப்பில திறந்து எடிற் மெனுவில "கொன்வேட் ரு புறொபைல்", எஸ்ஆர்ஜிபி. கவனம், அதுக்கு மேல இருக்கிற "அசைன் புறொபைல்" இல்லை. கொன்வேட் படத்தின்ர நிறத்தை அப்பிடியே வச்சிட்டு நம்பரை மாத்தும், அசைன் நம்பரை அப்பிடியே வச்சிட்டு நிறத்தை மாத்தும். புறொபைலே ஒட்டாமல் வந்த ஃபைலுக்குத்தான் அசைன். சேவ் பண்ணேக்க எம்பெட் எண்ட பெட்டியில சரி போட மறக்காதேங்கோ.

*ஸ்கிறீனில நல்லாக் கிடக்கு, பேப்பரில மட்டும் செத்துப்போகுது:* ஃபைல் சிஎம்வைகேயில (சயன், மஜெந்தா, மஞ்சள், கறுப்பு எண்டு நாலு இங்க் கணக்கு) கிடக்கோ எண்டு பாருங்கோ. பிறின்ரரில நாலு கலர் இங்க் கிடக்குது எண்டபடியால் படத்தையும் சிஎம்வைகே ஆக்கிக் குடுக்க வேணும் எண்டு நோட்டீஸ் அடிக்கிற கடையில வேலை செய்த ஆக்கள் சொல்லிக் குடுத்திருப்பினம். அது ஓஃப்செற் மெசினுக்குச் சரி, வீட்டுப் பிறின்ரர் ட்றைவர் எதிர்பாக்கிறது ஆர்ஜிபி, ஸ்கிறீனின்ர சிவப்பு பச்சை நீலக் கணக்கு. மாத்தின ஃபைலைத் திருப்பி ஆர்ஜிபி ஆக்கினாலும் போன கலர் வராது, பழைய ஃபைலை எடுங்கோ.

*ரொறொன்ரோவில இருந்து வட்ஸப்பில வந்த படம்:* படத்தைச் சுருக்கித்தான் அது அனுப்பும். டொக்கியுமென்றா அனுப்பச் சொல்லிக் கேளுங்கோ, ஒறிஜினல் வரும். ஐபோனில எடுத்ததெண்டால் டிஸ்பிளே பி3 புறொபைலோட வரும், அதையும் எஸ்ஆர்ஜிபிக்குக் கொன்வேட் பண்ணி அடிச்சால் வில்லங்கம் இல்லை.

கூறைச்சேலை ஒரே சிவப்புக் கட்டியா வருது, கடல் ஊதாவாப் போகுது

மிச்சமெல்லாம் சரி, இந்த ரெண்டு இடந்தான் பிழை எண்டால் நீங்கள் கிட்டத்தட்டக் கரை ஏறியிட்டியள். ஸ்கிறீன் காட்டுற சில சிவப்பும் நீலமும் உங்கட இங்க்கால வராது, வராததைப் பிறின்ரர் கிட்ட இருக்கிற கலருக்குத் தள்ளும். கூறையின்ர மடிப்பும் சரிகை வேலையும் ஒண்டாச் சேந்து தகடு மாதிரி நிக்கிறது அதாலைதான்.

போட்டோஷொப்பில வியூ மெனு, புறூஃப் செற்றப், கஸ்ரம். டிவைஸ் எண்ட இடத்தில உங்கட பேப்பர் புறொபைலைப் போடுங்கோ, பிறிசேர்வ் நம்பர்ஸ் எண்ட பெட்டியில சரி இருக்கக் கூடாது. பிறகு கொன்ட்றோலோட வை அமத்த அமத்த முன்னுக்கும் பின்னுக்கும் மாறும், பேப்பரில என்ன வரப்போகுதெண்டு ஸ்கிறீனிலயே தெரியும். இன்ரென்ற் எண்ட இடத்தில, வராத கலரை எப்பிடித் தள்ளுறது எண்டு சொல்லுற இடம் அது, பெர்செப்சுவலையும் றெலற்றிவ் கலரிமெற்றிக்கையும் மாத்தி மாத்திப் பாருங்கோ. சேலை, பூமாலை மாதிரிப் படத்துக்கு எனக்குப் பெர்செப்சுவல் பிடிக்கும், மடிப்புத் தப்பும். முகம் மட்டும் உள்ள படத்துக்கு றெலற்றிவ், பிளாக் பொயின்ற் கொம்பென்சேஷன் ஒன்.

அப்பவும் கட்டியா நிண்டால் சிவப்பின்ர சச்சுரேஷனை மட்டும் மெல்லமாக் குறையுங்கோ. கூறையை நல்லாக் கிட்ட வச்சுப் பாத்தனான், பத்துப் பொயின்ற் குறைக்கேக்க மடிப்பின்ர நிழல் ஒண்டொண்டா வெளியில வந்தது, பதினஞ்சில சரிகைப் பூ தனித்தனியாத் தெரிஞ்சது, அதுக்கு மேல போனால் செங்கட்டி நிறம். மணவறைப் படத்தில பொம்பிளையின்ர கூறை செங்கட்டியா வந்தால் உங்களைப் பந்திக்குக் கூப்பிட மாட்டினம்.

கடலுக்கு, நீலத்தின்ர ஹியூவைச் சயன் பக்கம் கொஞ்சம் தள்ளினால் காணும்.

*என்ர பேப்பருக்குப் புறொபைலே இல்லையே?* ரவுண் கடையில வாங்கிற பேர் தெரியாத பேப்பருக்கு ஐசிசி, அதாவது புறொபைல் ஃபைல், கிடைக்காது. புறொபைல் எண்டது பிறின்ரர், இங்க், பேப்பர் மூண்டும் சேந்த சோடி, ஒண்டை மாத்தினாலும் அது பொய் சொல்லும். பிறின்ரர் கொம்பனியின்ர புறொபைல் ஒறிஜினல் இங்க்குக்கும் அவையின்ர பேப்பருக்கும் செய்தது, நீங்கள் போத்தலில வாங்கி ஊத்தின கொம்பாற்றிபிள் இங்க்குக்கு இல்லை. அப்பிடியான இடத்தில பிறின்ரர் மனேஜஸ் போட்டு, மீடியா ரைப்பை மட்டும் குளொசி, பிறீமியம் குளொசி, மற் (பளபளப்பில்லாதது) எண்டு மூண்டு தரம் மாத்தி ரெஸ்ற் படத்தை அடிச்சு, கண்ணுக்குப் பிடிச்சதை வச்சுக்கொள்ளுங்கோ. நல்ல பேப்பர்க் கொம்பனியள் தங்கட தளத்தில புறொபைல் போட்டிருப்பினம், அதோட எந்த மீடியா ரைப் போட வேணும் எண்டும் எழுதியிருப்பினம், அதையும் வாசியுங்கோ.

*இறக்கின புறொபைல் லிஸ்ற்றில தெரியேல்லை:* விண்டோஸில றைற் கிளிக், இன்ஸ்டோல் புறொபைல். மக்கில லைபிறறிக்குள்ள கலர்சிங்க், அதுக்குள்ள புறொபைல்ஸ் எண்ட இடத்தில போடுங்கோ. போட்டோஷொப்பை மூடித் திறக்க வேணும்.

கறுப்பு வெள்ளைப் படத்தில பச்சையோ ஊதாவோ அடிக்குது

நாலு கலர்ப் பிறின்ரரில இது முழுக்கப் போகாது, குறைக்கலாம். ரெஸ்ற் படத்தின்ர சாம்பல் பட்டியை விறாந்தையில பகல் வெளிச்சத்திலயும் உள்ளுக்க எல்ஈடி லைற்றிலயும் பாருங்கோ. ஒரு இடத்தில சரி மற்ற இடத்தில பச்சை எண்டால் அது இங்க்கின்ர குணம், படம் கொழுவப்போற இடத்து வெளிச்சத்தில பாத்துத் தீர்மானியுங்கோ. ரெண்டு இடத்திலயும் பச்சை எண்டால் ட்றைவரில கிறேஸ்கேல் ஒப்ஷனை ஒருக்கால் போட்டுப் பாருங்கோ. செத்த வீட்டுக்கு அவசரமாப் பெரிசாக்கிற பழைய படங்களுக்கு நான் மற்ப் பேப்பரும் கிறேஸ்கேலுந்தான், கொஞ்சம் பொரி தெரியும், ஆனால் அம்மம்மாவின்ர முகம் பச்சையா வராது.

நேற்றுச் சரி, இண்டைக்கு வேறை

அடிச்ச உடன பாக்கிறியளோ? டை இங்க் காயக் காயக் கலர் மாறும், ஒரு நாள் விட்டிட்டுப் பாருங்கோ, அதுக்கு முதல் பிளாஸ்ரிக் உறைக்குள்ளயும் போடாதேங்கோ. மாரி காலத்தில, கார்த்திகை மார்கழியில, பேப்பர் ஈரம் குடிச்சு வளையும், இங்க் காயாமல் பரவும். பேப்பரை இறுக்கி மூடுற ஸிப் பையில சிலிக்கா பக்கெற்றோட வையுங்கோ.

விண்டோஸ் அப்டேற் வந்ததோ? ட்றைவர் புதுசாகேக்க உங்கட செற்றிங் எல்லாம் பழையபடி டிஃபோல்ட்டுக்குப் போயிருக்கலாம். சரியா வந்த அண்டைக்கே செற்றிங் பக்கத்தை போனால ஒரு படம் எடுத்து வையுங்கோ.

புதுப் போத்தல் இங்க் ஊத்தினதோ? வேற பிறாண்ட் எண்டால் திருப்பி முதலில இருந்து.

கோடு கோடா வருது, இடையில வெள்ளை வரி

புறொபைல் இல்லை, ஹெட். கிளீனிங் ரெண்டு தரம், கூடினால் மூண்டு. பிறகு ஒரு இரவு விட்டிட்டு விடிய நொசில் செக். விடாமல் பத்துத் தரம் கிளீன் பண்ணினால் இங்க்கும் போகும், கழிவு இங்க் போற பஞ்சும் நிரம்பும்.

எங்கட ஊரில ஒரு பழக்கம், பிறின்ரரைப் பிளக் பொயின்றில நிப்பாட்டுறது. அதின்ர சொந்தப் பட்டினில நிப்பாட்டினால்தான் ஹெட் தன்ர மூடிக்குள்ள போய் இருக்கும், சுவரில நிப்பாட்டினால் திறந்தபடி நிண்டு காயும். 2022 இல 13 மணித்தியாலம் கரண்ட் போன காலத்தில எத்தினை ஹெட் அப்பிடிச் செத்தது. சோளகக் காத்துக் காலத்தில யன்னலுக்குப் பக்கத்தில வச்சிருக்கிறவை மேல ஒரு துணி போட்டு மூடுங்கோ, புழுதி தாங்க ஏலாது. கிழமைக்கு ஒருக்கால் ஏதாவது ஒரு கலர்ப் படம் அடியுங்கோ.

வீட்டில சரி, ஸ்டூடியோவில குடுத்தால் வேறை

எஸ்ஆர்ஜிபி ஜேபெக்கா குடுங்கோ, உங்கட பேப்பர் புறொபைலுக்குக் கொன்வேட் பண்ணினதைக் குடுக்காதேங்கோ. "ஓட்டோ கரெக்‌ஷன் போட வேண்டாம்" எண்டு வாயால சொல்லுங்கோ. அவ்வளவுதான்.

ஆளைக் கூப்பிடுற நேரம்

கிளீனிங், ஒரு இரவு, திருப்பிக் கிளீனிங், அப்பவும் நொசில் செக்கில இடைவெளி எண்டால். இங்க் பாட் (அந்தக் கழிவு இங்க் பஞ்சு) முடிஞ்சுது எண்டு பிறின்ரர் நிண்டால், சும்மா கவுண்டரை மட்டும் றீசெற் பண்ணிற ஆளிட்டை குடாமல் பஞ்சையும் மாத்திற ஆளிட்டைக் குடுங்கோ. மஜெந்தாத் தாங்கிக்குள்ள சயனை ஊத்திப்போட்டால் ஒரு பட்டினும் அமத்தாமல் உடனயே நிப்பாட்டிப்போட்டுக் கோல் எடுங்கோ, குழாய்க்குள்ள போக முதல் எடுத்தால் செலவு குறைவு.

கலருக்காகக் காசு செலவழிக்கிறதெண்டால் முதல் ஸ்கிறீன் அளக்கிற கருவி, ஸ்பைடர், கலிபிறைற் மாதிரி, நாலைஞ்சு பேர் சேந்து ஒண்டு வாங்கிச் சுத்தவிடலாம். அது ஸ்கிறீனை அளக்கும், பேப்பரை அளக்காது. பேப்பருக்குப் புறொபைல் செய்ய வேறை கருவி, அதின்ர விலைக்கு இன்னொரு பிறின்ரர் வாங்கலாம், அதை வச்சிருக்கிற ஆளிட்டைச் சாட் (கலர்க் கட்டங்கள் நிறைஞ்ச அளவுத் தாள்) அடிச்சுக் குடுத்துச் செய்விக்கிறதுதான் புத்தி. சாட் அடிக்கேக்க போட்டோஷொப்பால அடிக்காமல் அடோபியின்ர கலர் பிறின்ரர் யூற்றிலிற்றியால, கலர்த் திருத்தம் ஒண்டும் இல்லாமல் அடியுங்கோ. படம் விக்கிறவை, கண்காட்சிக்குக் குடுக்கிறவை மட்டும் இதுக்குப் போனால் காணும்.

ஆளிட்டைப் போகேக்க பிறின்ரரை மட்டும் தூக்கிக்கொண்டு போகாதேங்கோ. கடைசி நொசில் செக் தாள், பிழைச்ச படம் ஒண்டு, அதின்ர பின்பக்கத்தில என்ன பேப்பர், எந்த இங்க், ட்றைவரில என்ன போட்டனியள் எண்டு மார்க்கரால எழுதி, அந்த ரெண்டையும் ஒரு ஃபைல் கவருக்குள்ள வச்சுக் கொண்டுபோங்கோ.